மூவாயிரம் என்றேன்...

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. 2013 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. பட்டறை டைரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

என் பெயர் ஓட்மார். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் வேலை பார்க்கிறேன். தனி ஆள். முன்பு இரண்டு பேர். எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டிகளுக்கு டைமிங் பார்க்கும்போது, என் மனைவி அன்னலோரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பாள். நான் பின்னாலிருந்து எஞ்சின் வேகத்தை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று, கத்துவேன். அவள் இறந்துபோய் அப்போது பதினான்கு மாதம்.

அந்த வண்டி 1971 மாடல். கொண்டுவந்து விட்டவர் கெப்ஹார்ட் என்ற பெரியவர். இறந்துபோன தம்பியின் வண்டியாம். முப்பது வருடம் மூடியே கிடந்ததாம்.

"ஐடிலிங்ல குலுங்குது மாஸ்டர். பெட்ரோல் நாத்தம் வேற."

"பம்ப் டைமிங் விலகியிருக்கும். காப்பி போடறேன், கூட இருந்து பாருங்களேன்."

"இல்ல... வேணாம்."

சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வண்டியில் ஒரே பம்ப்தான் பெட்ரோலை அளந்து ஆறு சிலிண்டருக்கும் பீய்ச்சும். அதை ஓட்டும் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் போச்சு. இதிலும் அப்படித்தான். பெல்ட்டைக் கழற்றி, குறி பார்த்து மாட்டி, இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து முடிக்கும்போது மணி 4.37. வெளியே இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

புகைக்குழாயில் ஹோஸை மாட்டி வெளியே விட்டேன். கதவைப் பாதி திறந்து வைத்தேன். ஹீட்டர் லீவரை நானே கீழே இறக்கி அணைத்தேன். இந்த வண்டிகளில் புகைக்குழாயைச் சுற்றிச் சூடாகும் காற்றுதான் ஹீட்டர் வழியாக உள்ளே வரும். ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் வந்து டைமிங் லைட்டைப் பிடித்தேன்.

டக்... டக்... டக்...

அந்த வெளிச்ச வெட்டில், சுழலும் புல்லி நிற்பதுபோலத் தெரியும். குறி சரியாக இருந்தது. அடுத்து வேகத்தை ஏற்றிப் பார்க்கவேண்டும். பழக்கதோஷம்... வாய் தானாகச் சொன்னது.

"மூவாயிரம்."

எஞ்சின் ஏறியது.

என் கையருகே இருந்த மீட்டரில் முள் மூவாயிரத்தில் நின்றது. ஏதோ சிக்கியிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். எதுவும் சிக்கவில்லை. ஆக்சிலரேட்டர் கம்பி முன்பக்கமிருந்து இழுபட்டிருந்தது.

"விடு."

இறங்கியது.

"மூவாயிரம்."

ஏறியது.

உண்மையைச் சொல்கிறேன், நான் பயப்படவில்லை. அவள்தான் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட் காலி. ஆக்சிலரேட்டர் பாதி அமுங்கி இருந்தது.

பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மணி 4.46.

"பதினாலு மாசமா எங்கடி போன?"

எஞ்சின் மட்டும் ஓடியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும்தான் என்றேன். இந்த வருடமும் கிறிஸ்துமஸ் மரம் வைக்கவில்லை என்றேன். காலுக்கடியில் இதமான சூடு. கண் செருகியது...

சூடா?

லீவரைப் பார்த்தேன். மேலே தூக்கியிருந்தது.

தலை விண் விண் என்றது. என் பக்கக் கண்ணாடி என் மூச்சில் மங்கியிருந்தது. டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. முழுக்க ஏற்றியிருந்தது.

அன்னலோரேக்குப் பெட்ரோல் வாசம் ஆகாது. பனி கொட்டினாலும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் உட்காருவாள்.

இது... அவளில்லை.

கதவைத் திறக்கக் கை வரவில்லை. தோளால் இடித்தேன். தரையில் விழுந்தேன். ஊர்ந்தேன்.

பனி.

பின்னால்... இன்னும் மூவாயிரம்.

"ஓட்மார்! மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?" எதிர்வீட்டு ரோஸ்விதாவின் குரல். அவள்தான் உள்ளே போய் வண்டியை அணைத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான். மணி 5.21.

என் ரத்தத்தில் புகை விஷம் ஏறியிருந்ததாம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டேன் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஹோஸையும், புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் ஹீட்டர் பெட்டிகளையும் காற்றடித்துச் சோதித்தேன். ஊசித் துளைகூட இல்லை.

வண்டியை எடுக்க வந்த கெப்ஹார்ட், என் முகத்தைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நான் சொல்லியிருக்கணும் மாஸ்டர். எண்பத்திமூணுல நாங்க ரெண்டு பேரும்தான் டைமிங் பார்த்தோம். நான் பின்னால. தம்பி வெண்டெலின் உள்ள உக்காந்து மிதிச்சான். குளிருதுன்னு ஹீட்டரைப் போட்டுக்கிட்டான். ஹீட்டர் பெட்டி துருப்பிடிச்சு ஓட்டையா இருந்துச்சு, புகை உள்ள போயிருக்கு. எங்களுக்குத் தெரியாது. அப்புறம்தான் புதுசு மாத்தினேன்."

"எவ்வளவு நேரம் கழிச்சுக் கவனிச்சீங்க?"

"வேலை முடிஞ்சு 'எறங்குடா'ன்னேன். எறங்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, உயிர் போயி ஒரு மணி நேரமாவது இருக்கும்னார்."

"அந்த ஒரு மணி நேரமும் எஞ்சின்...?"

பெரியவர் வண்டியைப் பார்க்காமலேயே சொன்னார்.

"ஏத்துன்னா ஏத்தினான் மாஸ்டர். விடுன்னா விட்டான்."