கையை எடுத்தால் நிற்கும் எஞ்சின்

இதையெல்லாம் எழுதி அனுப்பலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில் என் அண்ணன் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறார். அங்கே நானும் கூடமாட வேலை செய்கிறேன். அன்று காலை ஒன்பது மணிக்கு, எங்களுக்குப் பழக்கமான ஜீப் டிரைவர் ஒருவர் வந்தார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அவருடையது. முதல் நாள் எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்குப் போயிருக்கிறார். அடியில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் சேற்றில் தெரியவில்லை, கழுவிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று பன்னிரண்டு மணிக்குள் தேனியில் காட்ட வேண்டும். தவறினால் மறுநாளிலிருந்து வேறு ஜீப் வைத்துக்கொள்வதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணே, வெரசா முடிச்சு விடுங்க. இந்தச் சோலி போச்சுன்னா நானும் அதே தோட்டத்துக்குக் காய் எடுக்கத்தான் போகணும்" என்றார்.

அன்றைக்கென்று கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வரும். ஆறு மாதமாக மூலையில் கிடந்த பெட்ரோல் எஞ்சின் பம்பை அண்ணன் இழுத்து வந்தார். நான் ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய், அதன் நுனியில் இருக்கும் கன்னின், அதாவது தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின், விசையை அழுத்தினேன். அண்ணன் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் கிளம்பி, தண்ணீர் சீறியது. இடம் மாறுவதற்காகக் கையை எடுத்தேன். எஞ்சின் திணறி நின்றுவிட்டது.

அண்ணன் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கிளம்பியது, மறுபடி நின்றது. கார்புரேட்டரைத் திறந்தார். பெட்ரோலை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அதே கதை. நின்ற உடனே இழுத்தால் கயிறு வேறு இறுகிக்கொண்டது; சற்றுப் பொறுத்துத்தான் தளர்ந்தது.

"அண்ணே, பேசாம நாலு குடம் தண்ணி கொண்டாங்க, நானே கழுவிக்கிறேன்" என்றார் டிரைவர்.

"குடத்துத் தண்ணிக்குப் போற சேறாடா அப்பு இது? இதுல ஏலச்செடியே நடலாம்டா!"

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. நான்கு தடவையும் நான் கையை எடுத்த பிறகுதான் எஞ்சின் நின்றது. நடுவில் ஜீப் மறைத்ததால் அண்ணனுக்கு என் கை தெரியாது. ஆனால் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் போய் நான் என்ன சொல்வது? முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

டிரைவர் தோட்டத்துக்குப் போன் போட்டு, "இன்னைக்கு நடக்காது போலங்க" என்றார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, நான் கைய எடுத்தாத்தான் நிக்குது."

"உன் கைக்கும் எஞ்சினுக்கும் என்னாத்தா சம்பந்தம்?"

"கயித்த இழுங்க, காட்டுறேன்."

இழுத்தார். அசையவில்லை. நான் விசையை அழுத்தினேன். ஓஸில் அடைபட்டிருந்த தண்ணீர் சர்ரென்று வெளியேறியது. இப்போது கயிறு லேசாக வந்தது. எஞ்சின் ஓடியது. கையை எடுத்தேன். நின்றது!

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அட, வால்வு மாட்டிக்கிச்சு! நீ மூடுனா தண்ணி போக வழியில்ல. பம்புதான் எஞ்சினப் புடிச்சு நிறுத்துது!"

கன்னை மூடும்போது தண்ணீரைத் திருப்பிவிட ஒரு சின்ன வால்வு இருக்கிறது. ஸ்பானர் போட்டுப் பார்த்தார். அசைய மறுத்தது. அவசரத்தில் உடைந்தால் பம்பே போய்விடும். மணி பத்தரை.

"அப்ப கைய எடுக்காமலே கழுவிருவோம்ணே" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

தொட்டியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது; கரண்ட் இல்லாமல் நிரப்பவும் வழியில்லை. டிரைவர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, "ஒரு மொழம் இருக்குக்கா!" என்று கத்தினார். விசையை அழுத்தியபடியே ஜீப்பைச் சுற்றி ஓடினேன், குனிந்தேன், சேற்றிலேயே மண்டியிட்டேன். ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். விரலை விடவில்லை. தண்ணீர் எங்கள் கொட்டகையின் கூரைத் தகரத்தில் படபடவென்று அடித்தது.

"அக்கா, தகரத்துக்கு எஃப்.சி. வேணாம்க்கா!"

சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி அடியில் அடித்தேன். சேறு பாளம் பாளமாக விழுந்தது. "ஒரு சாண்தான்!" என்று சத்தம் வந்தது. முதலில் ஓர் எழுத்து தெரிந்தது. பிறகு எண்கள், ஒவ்வொன்றாக. "நாலு வெரல்தான்க்கா!" என்றவர் பொறுக்க முடியாமல் குதித்து ஓடி வந்து, ஜீப்புக்கடியில் தலையை விட்டு எண்களை உரக்கப் படித்தார். "தெரியுதுக்கா! கடைசி நம்பர் வரைக்கும் தெரியுது!"

அண்ணன் எஞ்சினை அணைத்தார். என் விரல் நிமிரவே இல்லை. அவர்தான் மெதுவாகப் பிரித்து எடுத்தார். அதற்குள் ஜீப் தேனி சாலையில் பறந்துவிட்டது.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கன்னைப் பிடித்திருந்தவள் நான். அந்த இடத்தில் நின்றவளுக்கு மட்டுமே தெரிந்ததை முக்கால் மணி நேரம் விழுங்கிக்கொண்டு இருந்தேனே என்று இன்றும் உறுத்துகிறது. கடைசியில் சொல்லிவிட்டேனே என்ற சந்தோஷமும் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போனது. அண்ணன் வால்வைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த உப்பைச் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டினார்.