நான் சொன்ன தொண்டைவலி

மருத்துவரிடம் நான் பொய் சொன்னேன். அதன் வலியைப் பத்து வயதுப் பெண்ணொருத்தி அனுபவித்தாள். இதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

இலுப்பூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். குடிநீர்த் தொட்டியைக் கழுவாமலே, கழுவியதாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். அந்த வாரம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அவர்களில் மீனா என்ற அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு இரத்தமும் போனது. சில நாளில் எல்லோரும் தேறினார்கள். அவசரமாகத் தொட்டியைக் கழுவவைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை...

மூன்று வாரம் கழித்து மீனாவின் முழங்கால் வீங்கியது. குதிகாலை ஊன்ற முடியவில்லை. கூலி வேலை செய்யும் அவள் தாய் காளியம்மாள், ஆஸ்பத்திரியில் எடுத்துச்சொல்லப் படித்தவர் வேண்டுமென்று என்னை அழைத்துப்போனாள்.

"சமீபத்துல வயித்தால போச்சா?" என்றார் மருத்துவர்.

காளியம்மாள் என்னைப் பார்த்தாள். "சார் சொல்லுவாங்க."

தொட்டி விஷயம் வெளியே வந்துவிடுமோ... "இல்லைங்க டாக்டர். தொண்டைவலியும் காய்ச்சலுந்தான் இருந்துச்சு" என்றேன்.

காளியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். சார் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

தொண்டையில் தொடங்கி இதயம்வரை போகும் மூட்டுக்காய்ச்சல் என்று சந்தேகித்து, இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை, பல வருடங்களுக்கு, பென்சிலின் ஊசி போட எழுதினார் மருத்துவர். வீக்கம் சில மாதங்களில் வடிந்தது. ஊசி நிற்கவில்லை. போட்ட மறுநாள் வகுப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவாள் மீனா.

"இன்னும் எத்தன வருசம் சார்?"

"டாக்டர் சொல்றவரைக்கும்மா."

எப்படி வாய் வந்தது எனக்கு?

இரண்டாண்டு கழித்து, ஓய்வு பெற்று, இனி யாரும் என்னை விசாரிக்கமாட்டார்கள் என்றான பின்புதான் காளியம்மாளிடம் சொன்னேன். அதற்கும் காத்திருந்தேன், பாருங்கள். அவள் திட்டவில்லை. மறுநாள் அதே மருத்துவரிடம் மூவரும் போனோம். சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். வயிற்றில் கிருமி தாக்கியபின் பிள்ளைகளுக்கு மூட்டு இப்படி வீங்குவதுண்டாம். பெரும்பாலும் தானாகவே அடங்குமாம். "அன்னைக்கே சொல்லியிருந்தா இந்த ஊசியே எழுதியிருக்க மாட்டேன் சார்." இதயத்தைச் சோதித்துவிட்டு ஊசியை நிறுத்தினார்.

குதிகால் வலி இன்னும் இடையிடையே வருகிறது. அடுத்த முறையும் துணைக்குப் போனேன். மருத்துவர் அறை வாசலில் காளியம்மாள் திரும்பினாள்.

"நீங்க இங்கிட்டே இருங்க சார். நாங்களே சொல்லிக்கிறோம்."

குரலில் அதே மரியாதை. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே மருத்துவர் ஏதோ கேட்டார். பதில் சொன்னது மீனா.