அம்மாள் அனுப்பிய எதிராளி

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் கடற்பாலத்தின் நடுவே, காரொன்று மோதி நான் விழுந்து கிடந்தேன். என் மோட்டார் சைக்கிள் வலது காலின்மீது கிடந்தது. காலில் உணர்ச்சி இல்லை. அன்று நடந்தவற்றை ஊரார் தத்தம் விருப்பப்படி சொல்லித் திரிகிறார்கள். ஆதலால் நடந்ததை நானே எழுதுகிறேன். நயினாதீவில் கோயில்கொண்ட நயினை அம்மாளின் அடியார்களுக்காக எழுதுகிறேன், வம்பளப்போருக்காக அன்று.

நான் புங்குடுதீவு மடத்துவெளியைச் சேர்ந்தவன். கல்லூரியிற் கற்று, பட்டம் பெற்று, ஆசிரியனாயிருந்து இளைப்பாறியவன். மதுவை நாவில் வைத்தறியாதவன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

எனக்கும் அயல்வீட்டுச் சின்னராசாவுக்கும் எல்லை வழக்கு உண்டு. வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் வேலிமரமாக நடும் கதியால் தடிகளை என் காணிக்குள் ஒரு சாண் தள்ளி நடுவார். கேட்டால், மரம் தானாக வளர்ந்து சாய்ந்தது என்பார். இரு வீட்டுக்கும் பேச்சில்லை. நன்மை தீமைக்குப் போக்குவரத்தும் இல்லை. அன்று ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் அந்த வழக்குக்குத் தவணை. நான் மோட்டார் சைக்கிளில் முன்னே போனேன். அவர் ஓட்டோவில் பின்னால் வெளிக்கிட்டார் என்பதை நான் அறியேன்.

அம்மாளின் திருவிழாக் காலம். நயினாதீவுக்கு லோஞ்ச் படகு பிடிக்கக் குறிகட்டுவான் துறையை நோக்கி வாகனங்கள் பறந்துகொண்டிருந்தன. எதிரே வந்த உழவு இயந்திரத்தை முந்துவதற்காக ஒரு கார் என் பக்கத்துக்குத் திரும்பியது. ஒதுங்குவதற்குப் பாலத்தில் இடம் ஏது? ஒரு பக்கம் கல், அதற்கப்பால் கடல்.

காரிலிருந்து சாரதி இறங்கினான். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கிழவன் நல்ல குடிவெறியில வந்து விழுந்திட்டுது. நான் என்ன செய்யிறது?" என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னான்.

"தம்பி, லோஞ்ச் வெளிக்கிடப் போகுது, ஏறும்," என்றாள் பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போலும். அவர்களின் மடியில் அருச்சனைத் தட்டு இருந்ததை நான் கண்டேன். அம்மாளிடம் போவதற்காக, அம்மாளின் அடியான் ஒருவனை வீதியில் விட்டுப் போனார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் அது பொய்.

உழவு இயந்திரக்காரன் மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். பொலிசுக்குப் பதில் சொல்ல ஏலாது என்று அவனும் நழுவிவிட்டான்.

காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே அது என் கால் போல் இருக்கவில்லை. பயம் வந்தது. வாழ்நாளில் எவரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான், அந்த வெயிலிற் கிடந்து வாய்விட்டு அழுதேன். "அம்மாளே, இந்தக் காலை எனக்கு விட்டுத் தா. ஆரையாவது அனுப்பு. மடிப்பிச்சை எடுத்து வந்து உனக்குப் பொங்குவன்."

அந்த நேர்த்தியை நான் யோசித்து வைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. மடிப்பிச்சை என்றால் வீடு வீடாகப் போய், சால்வையை ஏந்தி, அரிசி கேட்க வேண்டும். இன்ன வீடு வேண்டும், இன்ன வீடு வேண்டாம் என்று தெரிவு செய்யலாகாது. ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையைக்கூடத் தாண்டிப் போகக் கூடாது. எங்கள் குடும்பம் ஏந்தியவர்களுக்கு அரிசி போட்ட குடும்பம். ஏந்திய குடும்பம் அன்று.

சொல்லி வாய் மூடுமுன் ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் சின்னராசா.

கண்ணை மூடிக்கொண்டேன். இவரையா கேட்டேன்?

"ஆரது, மாஸ்ரரோ? உயிர் கிடக்கோ?"

"கால் ஏலாது," என்றேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"கதைக்கிறீர் எண்டால் சாகமாட்டீர். சும்மா கிடவும்."

என்னை நீர் என்று அழைக்க இவருக்கு யார் உரிமை தந்தது என்று அந்த வேதனையிலும் நினைத்தேன். அவர் என்னைவிட இளையவர். வழக்குக்கென்று போட்டுவந்த புதுச் சால்வையைக் கழற்றி என் காலை இறுகக் கட்டினார். ஓட்டோக்காரனும் அவருமாகத் தூக்கி ஏற்றினார்கள்.

"உமக்குத் தவணை இருக்கு. நான் இல்லாட்டி வழக்கு உமக்குச் சாதகம். கோட்டுக்குப் போம்," என்றேன்.

"ஓம், நொண்டியோட வழக்காடி வெண்டவன் எண்டு ஊர் சிரிக்கட்டும். வாயை மூடிக்கொண்டு வாரும்."

யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில், காலுக்கு இரத்தம் ஓடவில்லை, எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் அம்மாளின் குங்குமத்தை வைத்தாள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போதும் நான் நேர்த்தியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். காலில்லாமல் ஊருக்குள் திரும்புவதைவிடச் சாவு மேல் என்று எண்ணினேன்.

கண் விழித்தபோது போர்வைக்குள் இரண்டு பாதங்கள் தெரிந்தன. இளம் வைத்தியர் வந்து வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"விரலை ஆட்டுங்கோ, ஐயா."

பெருவிரல் ஆடியது.

"கால் சூடாக் கிடக்கு. இனிப் பயமில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் நாங்கள் ஒண்டும் செய்திருக்க ஏலாது," என்றார்.

வைத்தியர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிந்தாமல் என்னைக் கொண்டு சேர்த்தது யாருடைய ஏற்பாடு? எங்களுக்குள் வழக்கு இல்லையென்றால் அந்த மனிதர் அன்று அந்தப் பாலத்துக்கே வந்திருக்க மாட்டார்.

இதற்கிடையில் கார்ச் சாரதி, நான் குடிபோதையில் வந்து மோதியதாகப் பொலிசில் சொல்லியிருந்தான். ஊர் அதைச் சர்க்கரையாகச் சப்பியது. என்னிடம் படித்தவர்களே கடையடியில் நின்று சிரித்தார்களாம். பொலிசார் சின்னராசாவை விசாரித்தார்கள். அவர் சொன்னதை ஓட்டோக்காரன் எனக்கு அப்படியே ஒப்புவித்தான்.

"அந்தாளை எனக்குக் கண்ணிலையும் காட்ட ஏலாது. ஆனால் குடிக்கிறவர் இல்லை. குடிச்சிருந்தாலாவது கொஞ்சம் நல்ல மனிசனா இருந்திருப்பார்."

எதிராளியே சொன்னபடியால் பொலிசார் நம்பினார்கள். நண்பன் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். இதிலும் அம்மாளின் கையைக் கண்டேன். என்றாலும் அந்தக் கடைசி வசனம் என் நெஞ்சிற் குத்திக்கொண்டேதான் இருக்கிறது.

கோலூன்றி நடக்கத் தொடங்கியதும் சால்வையை ஏந்திக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். "பென்சன் நிண்டுபோச்சோ, மாஸ்ரர்?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான். அவன் போட்ட அரிசியை வாங்கிக்கொண்டேன். முகம் எரிந்தது. அடுத்த படலை சின்னராசாவுடையது. திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். கால் நின்றது, அந்தக் காலைத் தந்தவளுக்குக் கொடுத்த வாக்கும் நின்றது. படலையைத் தட்டினேன்.

அவர் என்னையும் சால்வையையும் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய், சுளகு நிறைய அரிசி கொண்டுவந்து கொட்டினார்.

"இது அம்மாளுக்கு. வழக்கு வழக்குத்தான்."

"தெரியும்," என்றேன். "உம்முடைய நட்சத்திரம் என்ன?"

"என்னத்துக்கு? செய்வினை செய்யவோ?"

"அருச்சனைக்கு."

வெறுஞ் சுளகை ஒருமுறை தட்டினார். பிறகு, "ஆயிலியம்," என்றார்.

பாம்புக்குரிய நட்சத்திரம். இன்னொரு காலமென்றால் நான் சிரித்திருப்பேன்.

நயினையில் பொங்கினோம். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது என் வீட்டார் பெயர்களோடு அவர் பெயரையும் சொன்னேன். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். நாகத்தை அணிந்தவளின் முன்னே கற்பூரம் எரிந்தது. நான் இரண்டு கால்களிலும் நின்று கும்பிட்டேன்.

அடியார்களே, துன்பம் வந்தால் அவளிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் கல்வியும் குடிப்பெருமையும் அந்தப் பாலத்தில் உங்களைத் தூக்க மாட்டா, என்னைத் தூக்கவில்லை. ஆனால் இன்னார் கையால் வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை இடாதீர்கள். அனுப்புகிற ஆளை அவளே தெரிவு செய்வாள்.

வழக்கை நான் மீளப் பெற்றுவிட்டதாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். கதியால் இன்னும் என் காணிக்குள்தான் நிற்கிறது. அடுத்த தவணைக்கும் போவேன். நாள்தோறும் காலையில் அம்மாளுக்கு விளக்கேற்றும்போது, சின்னராசா, ஆயிலிய நட்சத்திரம், நோய் நொடியின்றி நீடு வாழவேண்டும் என்று சொல்கிறேன். இதுவரை ஒரு நாளும் மனமுவந்து சொன்னதில்லை. ஒரு நாளும் சொல்லாமல் விட்டதுமில்லை.