சித்தப்பாவின் கவிதைக்கு வந்த பதில்

ஒன்பது வயதில் எனக்கிருந்த தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொண்டால்தான் இதைச் சொல்ல முடியும். எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் மாதா பிரார்த்தனையை நான்தான் முன்னின்று சொல்வேன். மாதாவை ஒவ்வொரு பெயராக நான் அழைக்க, வீட்டார் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி என் குரல் தெருமுனைவரை கேட்கும்.

சித்தப்பா அப்போது புதுக்கவிதை எழுதிக்கொண்டிருந்தார். எதுகை கிடையாது, மோனை கிடையாது. அப்பாவுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. மாதா கோயில் திருவிழாக் கவியரங்கத்துக்குச் சித்தப்பா பெயர் கொடுத்ததும், "நாலு பேரு சிரிக்கட்டும், உன் காகிதமெல்லாம் வெந்நீர் அடுப்புக்குத்தான்!" என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

அன்று மேடையேறிய சித்தப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலைமை தாங்கிய தமிழ் ஐயா மீசைக்குள் சிரித்தார். பின்வரிசையில் கனைப்பு கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று மேடையேறிக் காகிதத்தைப் பிடுங்கினேன்.

"நீயே படி சாமி" என்றார் சித்தப்பா.

பார்த்தால், அட, எனக்குத் தெரிந்த சங்கதிதான்! வரிக்கு வரி ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறது. வேறெப்படிப் படிப்பதாம்? பிரார்த்தனை ராகத்திலேயே இழுத்தேன்.

"குடையிருந்தும் மழையில் நனைபவளே!"

பழக்க தோஷம். பெண்கள் வரிசை உடனே, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது.

"தறியெல்லாம் நின்று கேட்கச் சிரிப்பவளே!"

இப்போது ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்னை மட்டும் திரும்பிப் பாராதவளே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" பந்தலே அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சொன்னது அப்பாதான்.

தமிழ் ஐயா எழுந்தார். "இத்தனை பேரு பதில் சொன்ன கவிதைல நான் என்னத்தைங்க குறை சொல்றது?" என்று தன் மாலையைக் கழற்றிச் சித்தப்பாவுக்குப் போட்டார். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். காகிதமெல்லாம் தப்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறை. எங்கள் பள்ளித் தையல் டீச்சர் மட்டும், மடியில் குடையோடு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பதிலும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், பிரார்த்தனை தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த தை மாதம் அவரே எனக்குச் சித்தியாக வந்தபோதும், இனிமேல் நானே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் சந்தோஷப்பட்டேன்.