முப்பத்திரண்டாவது பிள்ளை

கீழ்லயத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் வந்த அன்று கற்பகம் சாப்பிடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன! மஞ்சள் பெயின்ட் மினுங்க, முன்னால் சாமந்தி மாலை தொங்க, ஹாரன் அடித்துக்கொண்டே அது வளைவு ஏறி வந்தது. எம்.எல்.ஏ.வின் பக்கத்தில் நின்று பிலோமி போட்டோவுக்குச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து, தட்டில் போட்ட சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டாள்.

கற்பகம் பொறாமைக்காரி என்றால் வெள்ளிக்கானல் எஸ்டேட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள். அவளே மறுக்க மாட்டாள். "ஆமா, எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். எனக்கென்ன கல்லா வயிறு?" என்பாள். ஆனால் ஊர் உலகத்தைப் பார்த்தெல்லாம் அவளுக்கு எரியாது. பிலோமி ஒருத்தியைப் பார்த்தால்தான் எரியும்.

சூரியநெல்லிக்கு மேலே இருக்கிறது அந்தத் தேயிலை எஸ்டேட். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். மலையின் மேலே ஒரு லயம், கீழே ரோட்டோரம் ஒரு லயம். இரண்டிலும் நாலாம் வகுப்பு வரைக்கும் அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. கற்பகமும் பிலோமியும் மேல்லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள், அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இரண்டு பேரும் கொழுந்து பறிக்கத்தான் போனார்கள். எடை போடும் இடத்தில் எப்போதும் பிலோமியின் பைதான் இரண்டு கிலோ கூட நிற்கும். கல்யாணமாகி அவள் கீழ்லயத்துக்குப் போன பிறகாவது நிம்மதி கிடைத்ததா? எங்கே! அங்கே அவள் தன் கடைசிப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கமிட்டிக்குப் பிரசிடெண்ட் ஆனாள். மறு வருஷமே கற்பகம் மேல்லயத்துக் கமிட்டிக்குப் பிரசிடெண்ட் ஆனாள். கடைக்குட்டி மகன் அப்போது அங்கே இரண்டாம் வகுப்பு. மகள் பிறந்து பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவன். "பிரசிடெண்ட் ஆகணும்னே பெத்துக்கிட்டா" என்று லயத்தில் கேலி பேசினார்கள்.

பிரசிடெண்ட் ஆன பிறகுதான் பள்ளிக்கூடம் என்பது எத்தனை கைகளில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. டீச்சர் சம்பளம் சர்க்கார் கொடுக்கும். கூரை, சுவர், கக்கூஸ் எல்லாம் பஞ்சாயத்து. பஸ், கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் எம்.எல்.ஏ.வைப் பிடிக்க வேண்டும். இத்தனை வாசலிலும் போய் நின்று பேச வேண்டும், அதுவும் மலையாளத்தில். கற்பகத்துக்கு மலையாளம் கேட்டால் எல்லாம் புரியும். பேச எழுந்தால் மட்டும் ஒரு வார்த்தை வராது.

ஒரு கிராமசபையில் அப்படித்தான் நடந்தது. மேல்லயத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை மழைக்கு ஒழுகுகிறது என்று சொல்ல நாலு நாளாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. "ஒழுகுது" என்று தமிழில் ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்து பிலோமி எழுந்தாள். கீழ்லயத்துக்குத் தரையில் டைல்ஸ் வேண்டும் என்று மலையாளத்தில் பொழிந்து தள்ளினாள். பஞ்சாயத்து மெம்பரே தலையாட்டினார். அதோடு விட்டாளா? "மேல்லயத்து ஸ்கூலுக்குக் கூரையும் மாற்றணும்" என்று கடைசியில் சேர்த்துச் சொன்னாள். அந்த வருஷம் கீழ்லயத்துக்கு டைல்ஸ் வந்தது, மேல்லயத்துக்குக் கூரை வந்தது. புதுக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் கற்பகத்துக்கு அது பிலோமி போட்ட பிச்சை என்றே தோன்றும். ஒழுகினதே தேவலை என்றுகூட ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

படிப்பிலும் அதே கதைதான். நாலாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் பரீட்சையில் கீழ்லயத்துப் பிள்ளைகள் மூன்று பேர் ஜெயித்தார்கள். அவர்கள் போட்டோ போட்ட ஃபிளெக்ஸ் பஸ் ஸ்டாப்பில் ஆறு மாதம் நின்றது. மேல்லயத்தில் ஒரு பிள்ளையும் ஜெயிக்கவில்லை. அந்த ஆறு மாதமும் கற்பகம் பஸ் ஸ்டாப்பை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கடந்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் கை ஓங்கியிருந்தது. அவள் மகள் மோனிஷா. டீச்சர் டிரெய்னிங் முடித்து, தகுதித் தேர்வும் எழுதி ஜெயித்தவள். போன வருஷம் மேல்லயத்துப் பள்ளிக்கூடத்தில் வயதான டீச்சர் ஒருத்தி ரிட்டயர் ஆக, அந்த இடத்தில் நிரந்தர ஆள் வரும் வரைக்கும் தினக்கூலி டீச்சராக மோனிஷாவை எடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பு 'பி' டிவிஷன். தினக்கூலியோ மாதச் சம்பளமோ, டீச்சர் டீச்சர்தானே! காலையில் மகள் புடவை கட்டிக் குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைவதை, ரோட்டோரத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டே கற்பகம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிலோமியின் மூத்த மகன் கொச்சியில் ஏதோ ஓட்டலில் மேசை துடைக்கிறான். அதை நினைத்தால் கற்பகத்துக்கு அன்றைக்குக் கூடுதலாக ஒரு கிலோ பறிக்கலாம் போலிருக்கும்.

இந்த வருஷம் ஜூனில் அதற்கும் ஆபத்து வந்தது. பள்ளிக்கூடம் திறந்த ஆறாவது நாள்தான் கணக்கு நாள். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் எத்தனை பிள்ளைகள் பெயர் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டீச்சர் என்று மேலிடம் முடிவு செய்யும். ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளை இருந்தால் இரண்டு டிவிஷன், இரண்டு டீச்சர். முப்பது என்றால் ஒரே டிவிஷன், ஒரே டீச்சர். மேல்லயத்தில் திருப்பூருக்கு வேலை தேடிப் போன குடும்பம் ஒன்று பிள்ளையையும் கூட்டிப் போய்விட்டது. மிச்சம் முப்பது. இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் மோனிஷாவுக்கு வேலை இல்லை.

நாலாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பிலோமியிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி கற்பகம், ஒனக்கு ஒண்ணு கொறையுதாமே? எனக்கு முப்பத்திரெண்டு இருக்கு. முப்பத்தொண்ணே போதும். ஜீப்பு டிரைவரு பாண்டித்துரை வீடு ஒங்க லயத்துப் பக்கந்தான? அவன் மகன அங்க சேக்கச் சொல்லுறேன். ரெண்டு பள்ளிக்கூடமும் தப்பிச்சுக்கிரும்."

கற்பகத்துக்குச் சுருக்கென்றது. கூரை போதாதென்று இப்போது பிள்ளையும் பிச்சையா?

"ஒன் தயவு எனக்கு வேண்டாம்ட்டி. என் பள்ளிக்கூடத்த நான் பாத்துக்கிருவேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த மோனிஷா தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா, ஒண்ணு கிடைச்சாப் போதும்மா. தந்தா வாங்கிக்கிற வேண்டியதுதான?"

"வாங்குனா அவ தந்ததா ஆயிரும். நானே கொண்டாந்தா நான் கொண்டாந்தது" என்றாள் கற்பகம்.

மறுநாள் சாயங்காலம், கொழுந்துப் பையை வீட்டில் போட்டுவிட்டு நேரே பாண்டித்துரை வீட்டுக்குத்தான் போனாள். அதே பாண்டித்துரைதான்! பிலோமி சும்மா தருகிறேன் என்ற பிள்ளையை இவள் கெஞ்சிக் கேட்டு வாங்கப் போனாள். "மோனிஷா தெனமும் சாயங்காலம் ஒம் மகனுக்குத் தனியாச் சொல்லித் தருவா தம்பி" என்று வாக்குக் கொடுத்தாள். பாண்டித்துரைக்கு அது போதுமாயிருந்தது. "நாளைக்கே சேத்துர்றேங்க்கா" என்றான். முப்பத்தொன்று ஆயிற்று. மகள் வேலை தப்பியது.

அங்கேயே திரும்பியிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கிச் சாப்பிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் வழியில் வேலுத்தாய் வீடு இருந்தது. வேலுத்தாயின் மகளும் கீழ்லயத்தில் ஒன்றாம் வகுப்பு. கற்பகம் அந்த வாசலில் நின்றாள். முப்பத்திரண்டில் பாண்டித்துரை மகன் போனால் பிலோமிக்கு முப்பத்தொன்று. இதுவும் போனால் முப்பது. பிலோமிக்கு ஒரு டிவிஷன் போய்விடும், ஒரு டீச்சர் போய்விடுவார். டைல்ஸ் போட்ட கிளாஸ் ரூமில் ஒன்று பூட்டிக் கிடக்கும். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டேதான் உள்ளே போனாள்.

"ஏ வேலுத்தா, ஒம் மகள அந்தப் பஸ்ஸுலயா அனுப்புற? வளைவுல அது எப்படிச் சாயுதுன்னு பாத்திருக்கியா? முந்தாநாத்து பின் டயரு பள்ளத்துல எறங்கிருச்சு. கவுந்திருக்க வேண்டியது. யாரும் வெளிய சொல்ல மாட்டாக."

டயர் பள்ளத்தில் இறங்கவுமில்லை, ஒன்றுமில்லை. அத்தனையும் பொய். வேலுத்தாய் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, இருக்கது ஒத்தப் புள்ளக்கா" என்றாள். ஓரமாக உட்கார்ந்திருந்த வேலுத்தாயின் மகள் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜிஸ்மி டீச்சர் முப்பத்திரண்டு பெயர்களை ஏற்றி முடித்தார். கீழ்லயத்தில் முப்பது. அன்றைக்குக் கற்பகம் கோழி அடித்தாள். பிலோமி சண்டைக்கு வருவாள், ஒரு பிடி பிடிக்கலாம் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். பிலோமி வரவுமில்லை, போன் செய்யவுமில்லை. அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஜூலை நடுவில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள், ஜிஸ்மி டீச்சர் ஆளனுப்பினார். மேசையில் கல்வி ஆபீஸ் உத்தரவு இருந்தது.

"கற்பகம் சேச்சி, நம்ம ரெண்டு டிவிஷனும் பாஸாகியிருக்கு" என்றார் டீச்சர். சொன்ன முகத்தில் சந்தோஷமில்லை. "கீழ்லயத்துல ஒரு டிவிஷன் போச்சு. அங்க இருந்த மரியஜோசப் சார் இப்ப அதிகப்படி. நிரந்தர வாத்தியார், பன்னிரண்டு வருஷம் சர்வீஸ். அவர சர்க்கார் வீட்டுக்கு அனுப்ப முடியாது. எங்க தமிழ் டீச்சர் இடம் காலியா இருக்கோ அங்கதான் போடும்."

"எங்க காலியா இருக்கு?"

"இங்கதான். நம்ம 'பி' டிவிஷன்ல."

கற்பகத்துக்கு முதலில் புரியவில்லை. "அங்க மோனிஷால்ல இருக்கா?"

"மோனிஷா தினக்கூலி சேச்சி. நிரந்தர ஆள் வந்தா அவ எறங்கணும். திங்கக்கிழமை சார் வர்றார்."

கற்பகம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "நாங்க முப்பத்தொண்ணோட நின்னுருந்தா?"

"அங்கயும் முப்பத்தொண்ணு இருந்திருக்கும். சார் அங்கயே இருந்திருப்பார். யாரும் எங்கயும் போயிருக்க வேண்டாம்."

மோனிஷா அழவில்லை. பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த கலர்ப் பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம்மா, பாண்டித்துரை மாமா வீட்டோட திரும்பாம, வேலுத்தாய் அக்கா வீட்டுக்கு எதுக்கும்மா போன?"

கற்பகம் அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பிலோமி மேலே வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, அழைக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் கற்பகத்துக்கும் கத்த வசதியாக இருந்திருக்கும். பிலோமி மெதுவாகத்தான் பேசினாள்.

"அந்த ஒண்ணு ஒனக்கு வேணும்ட்டி, சரி. ரெண்டாவது யாருக்கு வேணும்? சொல்லு."

பிலோமி மோனிஷா பக்கம் திரும்பினாள். "எங்க பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைக வகுப்புக்கு ஆளு வேணும்மா. கமிட்டி குடுக்குற சம்பளந்தான், இங்க வாங்குனதுல பாதிகூட வராது. ஆனா சும்மா இருக்கிறதுக்குப் பதிலா வாரியா?"

வேண்டாம் என்று சொல்லிவிடுடி என்று கற்பகம் மனசுக்குள் கத்தினாள். வெளியே சொல்ல எந்த வாயை வைத்துச் சொல்வாள்?

"வாரேன் சித்தி" என்றாள் மோனிஷா.

மறுநாள் காலை கற்பகம் ரோட்டோரக் காட்டில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மேல்லயத்துத் திருப்பம் வரைக்கும் ஏறி வந்தது. மோனிஷா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே சின்னப் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கூச்சல் போட்டார்கள். அவள் சிரித்தாள். ஒரு வாரமாக வீட்டில் காணாத சிரிப்பு. டைல்ஸ், பஸ், ஃபிளெக்ஸ், எல்லாம் போதாதென்று இப்போது மகளும் அவளுக்கா என்று கற்பகத்துக்கு அந்த நேரத்திலும் வயிறு பற்றி எரிந்தது. எரிந்து என்ன செய்ய? தூக்கிக் கொடுத்தது அவள்தானே.

பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த வேலுத்தாயின் மகள் நின்று பஸ்ஸையே பார்த்தது. பிறகு கற்பகத்திடம் வந்தது.

"பெரியம்மா, மோனிஷா டீச்சர் ஏன் அதுல போறாங்க? அது கவுந்துரும்ல?"

கற்பகம் கையிலிருந்த கொழுந்தைப் பைக்குள் போட்டாள்.

"கவுழாது. பெரியம்மா சும்மா சொன்னேன்."

பிள்ளை முகம் மலர்ந்துபோனது. "அப்பம் நாளையிலேருந்து நானும் மோனிஷா டீச்சர்கூட அதுலயே போவட்டுமா?"

பஸ் கீழ்வளைவில் சாயாமல் நேராகத் திரும்பி மறைகிற வரைக்கும் கற்பகம் பார்த்துக்கொண்டு நின்றாள்.