ஐஸ் இல்லாத பெட்டி

உறுப்பு தானம் தரும் குடும்பங்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. அப்படி வந்தவர்களில் ஒருவர் திண்டுக்கல் பக்கத்து மல்லிகை விவசாயி; பேசும்போது விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். மூளைச்சாவடைந்த மகனின் கல்லீரல் இருந்த பெட்டியைப் பார்த்ததும் பதறினார்.

"ஐஸ் வைக்கலையா? பூவையே நாங்க ஐஸ் வச்சுத்தான அனுப்புறோம்!"

"வேண்டாங்கய்யா. ஆக்சிஜன் சுமக்குற திரவம் உள்ள ஓடுது. இன்னொருத்தர் உடம்புல வைக்கிற வரைக்கும் கல்லீரல் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும்."

விரல்கள் நின்றன.

"படுக்கையில மூச்சு விடுறது மிஷினுதான், ஒங்க மகன் இல்லைன்னு சொல்லித்தான கையெழுத்து வாங்குனீக?"

அவர் பெட்டி ஏறிய ஆம்புலன்ஸை நோக்கி ஓடி, டிரைவரிடம் சொன்னார்: "பள்ளம் பாத்துப் போங்க அப்பு. உள்ள பிள்ளை முழிச்சிருக்கான்."

அதைத் திருத்துவதும் என் வேலைதான். எப்படியென்று இன்றுவரை பிடிபடவில்லை.