பெட்டிக்காரர் அடுக்கிய பூமி

சுரங்க ஆய்வுக் கிடங்கில் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் ஒன்று இருந்தது; சம்பள நாளைத் தவிர அதற்கு வேலையில்லை. நிலத்தைத் துளைத்து உருவி எடுக்கும் உருளைக் கற்களை நீளப் பெட்டிகளில் அடுக்குவது அவர் பிழைப்பு. மேலே கிடைத்தது முதலில், ஆழத்தில் கிடைத்தது கடைசியில். நடுநடுவே ஆழம் எழுதிய மரக்கட்டைகள். கல் ஆராயும் அம்மாவுக்கு அந்த வரிசைதான் பூமியின் வயசு.

எல்லா உலோகமும் எல்லாக் காலத்திலும் விளைந்துவிடவில்லை என்பார் அந்த அம்மா. அவர்கள் தேடிய சிவப்பு வரிப் பாறை, ஆதிக் கடலில் கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜன் பட்டு அடியில் படிந்தது. பிறகு அவ்வளவு இரும்பு படியவே இல்லை. அதற்கும் மூத்தது வெளிறிய தரைப்பாறை. அது வந்துவிட்டால் அதற்கு அடியில் இரும்பு இல்லை; துளைப்பதை விட்டுக் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று கடைசிப் பெட்டியைத் தூக்கி வரும்போது ஈரத்தில் கால் வழுக்கியது. கல்லும் கட்டையும் சிதறின. ஒரு கல்கூட மாற்றி வைக்காதவர் என்று பேர் எடுத்த மனிதர். அந்தப் பேர்தான் அவரைக் கெடுத்தது. யாரும் பார்க்கவில்லை என்றதும் கண் மதிப்பில் அடுக்கி, வாயை மூடிக்கொண்டார்.

தரைப்பாறைக்கு அடியில் சிவப்புக் கல்லைக் கண்ட அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுக்கு மடிந்திருக்கிறது, அடியில் மறுபடி இரும்பு வரும், இன்னும் துளையுங்கள் என்றார்.

துளைத்தவர் பெட்டிக்காரரின் தங்கை கணவர். கம்பி இறங்குகிறதா என்று பார்ப்பாரே தவிர, கல்லின் நிறத்தை அவர் கண்டாரா? மறுவாரமே சுழலும் கம்பியில் வலது கை மாட்டி மூன்று விரல்கள் போயின.

பெட்டிக்காரர் அன்றே கல் ஆராயும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லித் துளைப்பதை நிறுத்த வைத்தார். மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தங்கை வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார்.

"மச்சான், அடியில இரும்பு வந்துச்சா? கை போனாலும் அது வந்தா போதும்."

பெட்டிக்காரர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"வராது மாப்ள. அங்க எதுவும் இல்ல. பெட்டிய கீழ போட்டுட்டேன். கல்ல மாத்தி அடுக்கினது நான்தான்."

மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். திட்டுவார், திட்டினால் தேவலை என்று பெட்டிக்காரர் காத்திருந்தார். வாசலில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார் மாப்பிள்ளை. "அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

தங்கை உள்ளே வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ ஏண்ணே இப்படி உடைஞ்சு போற? நீ இருக்கற தைரியத்துலதான் நான் நடமாடறேன்," என்று சொல்லி, புருஷனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு வெந்நீரை ஆற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.